குளிர் புகுந்த கால்கள்

என் நோய் என்னவென்று வஸீலா பெரியம்மாவுக்குத் தெரியும். எலும்புக்குள் குளிர் புகுந்துவிட்டது. அவ்வளவுதான்.

"எலும்பு இல்ல பெரியம்மா, நரம்பு. நரம்பு மேல ஒரு உறை இருக்கும். என் உடம்போட எதிர்ப்பு சக்தியே அதை அரிக்குது. ஒயர் உரிஞ்ச மாதிரி."

"சரிடி ஹைஃபா. அந்த உரிஞ்ச இடத்துலதான் குளிர் போயிருக்கு."

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயரை நான் இப்போதெல்லாம் வீட்டில் சொல்வதில்லை. முதலில் ஊசி போட்டார்கள். போட்ட இரவெல்லாம் காய்ச்சல். ஊசியையும் மீறி நோயின் தாக்குதல் ஒன்று வந்தது. வலது கண் மங்கியது, கால்கள் மரத்தன, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அதன்பின் ஊசிக்குப் பதிலாகத் தினமும் ஒரு மாத்திரை. அது பழைய சேதத்தைச் சரிசெய்யாது. அடுத்த தாக்குதல் வராமல் பார்த்துக்கொள்ள முயலும். எதுவும் நடக்காமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இதைப் பெரியம்மாவுக்குப் புரியவைக்கப் பார்த்தேன்.

"ஒண்ணும் நடக்கலைன்னா அதுக்கு எதுக்கு மருந்து?" என்றாள்.

பிஸெர்த் நகரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. தங்கை ஸிரீனின் கல்யாணம் முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அதற்குள் இன்னொரு தாக்குதல் வந்தால் பிஸெர்த் கிடையாது. எங்கள் ஊரான கைருவானில், அவள் கண்முன்னால்தான் இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் மணப்பெண்ணின் ஹம்மாம் குளியல் வந்தது, ஊர்ப் பொது நீராவிக் குளியலறையில், சொந்தக்காரப் பெண்கள் எல்லோரோடும்.

"நான் வரலைம்மா. சூடு எனக்கு ஆகாது. டாக்டர் சொன்னாரே."

"அக்காக்காரி வரலைன்னா தங்கச்சி முந்திக்கிட்டாளேன்னு வயித்தெரிச்சல்னு பேசுவாங்க," என்றாள் பெரியம்மா. "வந்து சும்மா உட்காரு."

உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தேன். அங்கே குளுமையாக இருந்தது. பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் இனிப்புத் தட்டும் ஆரஞ்சுகளும் என் காவலில் இருந்தன. உள்ளே குலவைச் சத்தம் கேட்டதும் பெரியம்மா துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஸிரீன் உன்னைக் கேக்குறா. ரெண்டு நிமிஷம்."

ஸிரீன் கேட்டிருக்கவில்லை. அது எனக்கு உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா என்னை ஆவி அறையின் சூடான கல்மேடையில் உட்காரவைத்துவிட்டாள். தேய்த்துவிடும் பெண்ணிடம், "இவ காலை நல்லாத் தேய். குளிர் வெளிய வரட்டும்," என்றாள். நான் வேண்டாம் என்றேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு உரக்கப் பேச வருவதில்லை.

எழுந்து போக முயன்றேன். முழங்கால்கள் மடிந்தன. வலது கண்ணில் ஸிரீனின் முகம் கலங்கிய நீராகத் தெரிந்தது. நாலு பேர் என்னைத் தூக்கிவந்து பெஞ்சில் கிடத்தினார்கள்.

"முடிஞ்சுது," என்றாள் அம்மா. "தாக்குதல் வந்துருச்சு. வஸீலா அக்கா, அண்ணனுக்குப் போன் போடு, காரை எடுத்துட்டு வரட்டும்."

"தாக்குதல் இல்லம்மா. உடம்பு சூடானா உறை போன நரம்பு சரியா வேலை செய்யாது. ஆறினா பழையபடி ஆயிடும். தாக்குதல்னா ஒரு நாளுக்கு மேல இருக்கும். கொஞ்சம் பொறு."

"காலே நிக்கல, இதுல பாடம் வேற."

"பொறும்மா. ஈரத்துணி மட்டும் போடு."

"கல்யாணப் பொண்ணு குளியல்ல இப்படிப் பண்ணிட்டியே," என்றாள் பெரியம்மா. நான்தான் பண்ணினேனாம்.

ஸிரீன் தலையெல்லாம் நுரையோடு வந்து நின்றாள். துண்டைக் குழாயில் நனைத்து என் கழுத்தில் போட்டாள். இன்னொன்றை நனைத்துக் கால்களில் சுற்றினாள். மாமாவின் கார் கோதுமை மண்டித் தெருவில் மாட்டிக்கொண்டது. அந்தத் தெருவுக்கு என் நன்றி.

கார் வந்தபோது நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். கால்விரல்களை அசைத்துக் காட்டினேன். அம்மா நம்பவில்லை. என் இடது கண்ணை அவளே பொத்திவிட்டு, "பெரியம்மா என்ன பண்றா, சொல்லு," என்றாள்.

"மக்ரூத் தின்னுட்டு இருக்கா. மூணாவது."

"ரெண்டாவது," என்றாள் பெரியம்மா.

நான் எழுந்து கதவுவரை நடந்துபோய்த் திரும்பினேன். கொஞ்சம் தடுமாறினேன். ஆனால் விழவில்லை. அம்மா என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் போய்க் கோபம் வந்தது.

"அப்போ சூடுதான் உன்னை இப்படி ஆக்குதா?"

"ஆமாம்மா."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

இரண்டு வருடங்களாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தேன்.

"கோடையில இந்த ஊர் அடுப்பு மாதிரி எரியும்," என்று அம்மா பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னாள், ஏதோ பெரியம்மாதான் என்னை இங்கே பிடித்துவைத்திருந்ததுபோல. "பிஸெர்த் கடல்பக்கம். காத்து வரும். இவளை இங்க வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அங்க குளிர் புகுந்துடுமே," என்றாள் பெரியம்மா.

"புகட்டும்," என்றாள் அம்மா.