பெவின் உட்கார்ந்திருந்த வள்ளம்

தேடிப்போன அத்தனை படகுகளாலும் இந்தக் கரையிலுள்ள அத்தனை சங்கு குளிக்கிற ஆட்களாலும் முடியாத ஒன்றை நான் செய்திருக்கிறேன். வேட்டி நுனி நனையாமல், ஒரு கையில் பாதி தின்ற முறுக்கோடு, கடலுக்கடியிலிருந்து பெவினை உயிரோடு மேலே கொண்டுவந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான், பெயர் பிச்சையா. வேலையில் இருந்த காலத்தில் மேகத்தில் கொக்கி மாட்டி முத்தையாபுரத்துக்கு மழையை இழுத்து வந்திருக்கிறேன். அதையே நம்பியவர்கள் இருக்கிறார்கள்.

என் மகள் சண்முகப்ரியாவுக்கு மூன்று வேலை, ஒரு கம்ப்யூட்டர். காலையில் ஆர்டர் வேலை. கல்யாணப் போட்டோவில் இறந்துபோனவர்களை வரைந்து சேர்ப்பாள். பெண்ணின் அப்பா தவறியிருப்பார். அவருடைய ஆதார் கார்டு படத்தை வாங்கி, நரையைக் குறைத்து, பட்டுச் சட்டை போட்டு, மாலையோடு நிற்கும் மகளுக்குப் பின்னால் சிரித்தபடி நிறுத்திவிடுவாள். அவள் இதில் இறங்கிய பிறகு எங்கள் ஜில்லாவில் செத்தவர் எவரும் கல்யாணத்துக்கு வராமல் இருந்ததில்லை. மத்தியானம் தனக்கென்று படம் வரைவாள். அதை யாரும் கேட்பதுமில்லை, வாங்குவதுமில்லை. சாயங்காலம் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்வாள். "மூணு பிள்ளைய ஒரே இடுப்புல வச்ச மாதிரி இருக்குப்பா" என்பாள். ஆனால் ஒன்றையும் இறக்கிவிட மாட்டாள்.

கேம், கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பதைப் பற்றியது. பக்கத்து வீட்டுப் பெவின் சங்கு குளிக்கிறவன், அவளோடு பள்ளிக்கூடம் போனவன். கடலடியில் வெளிச்சம் எப்படி விழும், கால் பட்டால் மணல் எப்படிக் கிளம்பும் என்று அவன்தான் சொல்வான். கேமில் குளிக்கிற ஆளாகவும் அவனையே வைத்துவிட்டாள். அதே சாய்ந்த இடது தோள்.

"ஏளா, என் மூக்கு இவ்ளோ பெருசா இல்ல."

"இருக்கதத்தான் வரைவேன். வேணும்னா மூக்கக் குறச்சிட்டு வா."

போன மாசியில் அவன் வாயில் கடித்துக்கொண்டு இறங்கிய காற்றுக்குழாய் மட்டும் மேலே வந்தது. அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

தெருவே அழுதது. அவன் அம்மா பிலோமினா அழவில்லை. அவள் ஒருத்திதான் நம்பவில்லை. ஏதோ கப்பல்காரன் தூக்கிப்போட்டுக்கொண்டு போயிருப்பான், பாஷை தெரியாத ஊரில் இறக்கிவிட்டிருப்பான், பிள்ளை வந்துவிடுவான் என்றாள். மாதா கோயிலில் செத்தவர்களுக்கு வைக்கும் பூசையை அவனுக்கு வைக்க விடவில்லை.

பெவினின் தங்கைக்குக் கல்யாணம் முடிந்ததும் போட்டோ எங்கள் வீட்டுக்கு வந்தது. அண்ணனைச் சேர்த்து வரைந்து தரச் சொல்லி அந்தப் பெண் கேட்டிருந்தாள். பின்னாலேயே பிலோமினா வந்தாள்.

"ஏளா பிரியா, நீ வரையுதது பூரா செத்தவங்களத்தான. எம்பிள்ளைய அதுல சேக்காத."

"சேக்கல அத்த."

அன்றிலிருந்து பிரியா கேமையும் திறக்கவில்லை.

ஒருநாள் சட்டம் போட்ட படம் ஒன்றைக் கொடுக்க அவள் எட்டயபுரம் போயிருந்தாள். என் வாய் சும்மா இருக்காதே. "பெவின் எங்க வீட்லதான் இருக்கான், வந்து பாரு" என்று பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேமைத் திறந்து காட்டினேன். அலையில் ஒரு வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் பெவின் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் நின்றபடியே பார்த்தாள்.

"இந்தப் பட்டனத் தட்டுனா குதிப்பான்."

என் கையைத் தட்டிவிட்டாள். "குதிக்க வேண்டாம். அங்கனயே இருக்கட்டும்."

அப்புறம் தினமும் வந்தாள். அவன் கடலில் இறங்காவிட்டால் அந்தக் கேம் நகராது. சங்கும் சேராது, பொழுதும் சாயாது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. பிரியா என்னைக் கொன்றுபோடுவாள் என்று பயந்தேன். அவளோ தன் நாற்காலியையே விட்டுக்கொடுத்தாள்.

"ஏன் மக்கா, வெயில்லயே இருக்கான்" என்றாள் பிலோமினா. மறுநாள் பெவின் தலையில் தொப்பி. "வெறும் வயித்தோடயா இருப்பான்?" வள்ளத்தில் ஒரு தூக்குவாளி வந்தது. காலை நேரம் பிலோமினாவுக்குப் போயிற்று, மத்தியானம் தொப்பிக்கும் வாளிக்கும் போயிற்று. ஆர்டர் கொடுத்தவர்கள் போனில் கத்தினார்கள்; பிறகு கத்துவதையும் நிறுத்திவிட்டார்கள். பிரியா தனக்கென்று வரைவது நின்றே போனது.

"விட்ரலாம்லா" என்றேன்.

"எப்படிப்பா விட? தினமும் காலைல அவன எழுப்பி உக்கார வைக்கேன். சாயங்காலம் நானே அணைக்கேன். எனக்கு முடியல."

முறுக்கு டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்த வாரம்தான் முறுக்கு விழுந்தது. பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். கீபோர்டில் விழுந்த துண்டை எடுக்கப்போய் எதையோ தட்டிவிட்டேன். பெவின் குதித்தான்.

பிலோமினா என் தோளைப் பிடித்தாள்; நகம் பதிந்தது. திரையின் மூலையில், அவனுக்கு மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் கோடு குறைந்துகொண்டே வந்தது. "மேல் அம்புக்குறிய அமுக்குங்கப்பா, விடாம அமுக்குங்க" என்றபடி பிரியா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அமுக்கினேன். பாறையில் முட்டினான், பாசியில் சிக்கினான். கப்பலின் வயிற்றுக்குள் கொக்கி இறக்கிய கை, அந்தப் பட்டனை விடவில்லை. கோடு நூலாகத் தேய்ந்தபோது அவன் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. வள்ளத்தில் ஏறி, சங்கை வைத்துவிட்டு, பழையபடி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான்.

"பாத்தியா, கொண்டாந்துட்டேன்லா" என்றேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"இன்னொருக்கா இறக்குங்க அண்ணாச்சி."

இறக்கினேன். ஏறி வந்தான். மறுபடியும் இறக்கச் சொன்னாள். மறுபடியும் ஏறி வந்தான். தொப்பிகூட நனையவில்லை.

"இவன் வாரான் மக்கா" என்றாள் பிரியாவிடம். "எத்தன தடவ இறக்குனாலும் ஏறி வாரான். எம்பிள்ள வரல."

பிலோமினா எழுந்து, நாற்காலியைப் பிரியாவின் பக்கம் தள்ளினாள்.

"அந்தக் கல்யாணப் படத்த எடு. தங்கச்சிக்கு வலப்பக்கம் நிறுத்து. மாப்பிள்ளைய விட உசரமாத் தெரியட்டும்."

பிரியா படத்தைத் திறந்தாள். முதல் கோட்டுக்கே அவள் கண் மறைத்தது.

வாசல்வரை போன பிலோமினா நின்றாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வாரேன் அண்ணாச்சி. பூசைக்குச் சொல்லணும்." சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க எல்லாரும் சொன்னது நடந்ததுதான். அவன் கடலோட போயிட்டான்."