இயந்திரக் குதிரைப் பாட்டு

எங்கள் மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவில் கண்டதையும் ஒட்ட விடுவதில்லை. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எதிர் வரிசைப் பல் டாக்டர் கொடுத்தனுப்பிய நோட்டீஸ் என்பதால் மரியாதைக்கு வாங்கிப் படித்தேன். நாற்பதைத் தாண்டியவர்களுக்கான பாட்டு நிகழ்ச்சியாம். சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்த்த ஜப்பான் கார்ட்டூன்களின் தொடக்கப் பாட்டுகளை, தமிழில் வந்தபடியே, வாத்தியக்காரர்களை வைத்துப் பாடப் போகிறார்களாம். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று மடிக்கப் போனவன் கடைசி வரியில் நின்றுவிட்டேன். ‘இயந்திரக் குதிரை’ பாட்டைப் பாடிய குரலுக்கு மேடையில் மரியாதை செய்வதாகப் போட்டு, பக்கத்தில் ஓர் அம்மாளின் படத்தை அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் பாட்டைப் பாடியவள் என் தங்கை. படத்தில் இருந்தது அவள் இல்லை.

அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இருமல் மருந்து வாங்க வந்த இசையமைப்பாளர் ஒருவர், உள்ளே அவள் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு அப்பாவிடம் வந்து நின்றார். பாடட்டும், ஆனால் பெயர் வரக் கூடாது என்றார் அப்பா. மருந்து வாங்க வருகிறவர்கள் எங்கள் வீட்டுப் பெண்ணைக் கார்ட்டூன்காரி என்று கூப்பிடுவதை அவர் விரும்பவில்லை. சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன். எங்கள் பெயரை நாங்கள் மூடி வைப்பது எங்கள் இஷ்டம். அந்த இடத்தில் இன்னொருவர் பெயரை எழுத யாருக்கும் உரிமை கிடையாது.

தங்கை கல்லாவுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

“பாப்பா, இதைப் பாத்தியா?”

“காலையிலயே பாத்துட்டேன்ணா.”

“பாத்துட்டு சும்மா இருக்கே?”

“அப்பாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேனே. நான் எப்படிப் பேசுறது?” அட்டையைக் கீழே வைத்தாள். “ஒரே ஒரு தடவை, அது இவ குரல்தான்னு யாராவது நாலு பேர் முன்னாடி சொல்லிக் கேக்கணும்னு இருக்கு. வேற ஒண்ணும் வேணாம்.”

அவளுடைய கணவர் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். “கல்யாணமான புதுசுல எங்கிட்டயும் சொன்னா மச்சான். புளுகுறாளோன்னு நெனச்சேன்.”

“இப்போ?”

“இப்போ பயத்துல நம்புறேன்.”

அவரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தேன்.

பல் டாக்டர் ஒருவரை நாற்காலியில் சாய்த்து, வாய் நிறையப் பஞ்சை வைத்திருந்தார். “வாங்கய்யா, பல்லுல ஏதாவது தொந்தரவா?”

“என் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க நோட்டீஸ்லதான் சொத்தை.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் மரியாதையாகவே கேட்டார், ஆனால் நம்பவில்லை.

“கோவிச்சுக்காதீங்கய்யா. ஏற்கெனவே ஒருத்தர் எங்க அத்தைதான் பாடினாங்கன்னு வந்தார். இன்னொருத்தர் எங்க சித்தின்னார். பேரே போடாத பாட்டு, யாரும் வந்து கேக்கலாம். இந்தம்மா அந்தக் காலத்துல நெறைய கார்ட்டூனுக்குப் பாடினவங்க.”

“அவங்க தான் பாடினதா சொன்னாங்களா?”

“சொல்லல. நாங்களா நெனச்சுக்கிட்டோம்.”

“நாங்க அப்படி நெனச்சுக்கிட்டு மருந்து குடுத்தா ஆள் போய்ச் சேந்துடுவான், டாக்டர்.”

விடாமல் நானே கேட்டேன். “‘விண்மீன் வீதியில் விரைந்து செல்லுவோமே’ன்னு ஒரு வரி வருதில்ல, அதுல ‘செல்லு’ன்னதும் ஏன் ஒரு நிறுத்தம்னு தெரியுமா?”

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். நாற்காலியில் இருந்தவர் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்தார்.

“குதிரை பாயுறதுக்கு முன்னாடி பதுங்குதுல்ல, அதுக்குத்தானேய்யா?” டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் பனியனை எடுத்து விரித்தார். நெஞ்சுக்கு நேராக ‘வோமே!’ என்று மட்டும் அச்சடித்திருந்தது. “அந்த நிறுத்தம்தான் எங்களுக்கு உயிர். அங்க மூச்சை அடக்கி வெச்சு, எல்லாரும் சேந்து கத்துவோம்.”

“ஓமே!” என்றார் பஞ்சுக்காரர்.

“பதுங்கவும் இல்ல, பாயவும் இல்ல. மெட்டு ஜப்பான்லருந்து வந்தது, அதை நீட்ட முடியாது. தமிழ் வரி நீளமாப் போச்சு. பிள்ளைக்கு மூச்சு பத்தல, நடுவுல வாங்கிட்டா. திரும்பப் பாடுறேன்னு கேட்டிருக்கா. அடுத்த பாட்டுக்கு ஆள் நிக்குது, இதுவே போதும்னுட்டாங்க. சொல்லைப் பாதியில உடைச்சிட்டாளேன்னு எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் குறை.”

டாக்டர் அந்த அம்மாளுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“குதிரைப் பாட்டா? அது நான் இல்லப்பா. என் பாட்டுக்குத்தான் கூப்பிடுறீங்கன்னு நெனச்சு வர்றேன்னேன். அன்னிக்கு அடுத்த பாட்டு என்னோடது, வெளிய காத்துக்கிட்டு இருந்தேன். ஒல்லியா ஒரு பொண்ணு மூச்சு வாங்கிக்கிட்டே வந்துச்சு. யாரோ மருந்துக்கடைக்காரர் பொண்ணுன்னாங்க.”

டாக்டர் போனை வைத்துவிட்டு எழுந்து நின்றார். “உங்க தங்கச்சி பேரை எப்படிப் போடணும், சொல்லுங்கய்யா.”

“முதல்ல எங்கப்பா பேரு. அப்புறம் அவ பேரு. எழுத்து பெருசா இருக்கட்டும்.”

தங்கையிடம் சொன்னபோது அவள் உடனே சந்தோஷப்படவில்லை. “அப்பாகிட்டக் குடுத்த வாக்கு?”

“அப்பா இருந்திருந்தா எனக்கு முன்னாடி டாக்டர் சட்டையைப் பிடிச்சிருப்பார். போய்ப் பாடு. ஆனா அந்த வரியை உடைக்காமப் பாடு.”

அன்றிலிருந்து மாடியில் அந்த ஒரு வரியையே பாடிப் பழகினாள். இழுத்துப் பிடித்து, ஒரே மூச்சில் முடிக்கும்வரை விடவில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. வழுக்கைகளும் மூக்குக்கண்ணாடிகளும், மஞ்சள் பனியனுக்குள் அடங்காத தொப்பைகளுமாக ஒரே கூட்டம். என் பக்கத்து இருக்கையில் அலுவலக மேலாளர் போலிருந்த ஒருவர், ஒவ்வொரு கார்ட்டூன் பாட்டுக்கும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்து ஒலிபெருக்கியில் சொன்னபோது நான் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டேன்.

பாடினாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அதே குரல். அந்த வரி வந்தது. ‘விரைந்து செல்லுவோமே’ என்று அப்பா கேட்டிருந்தால் தலையாட்டும்படி, முழுசாக, ஒரே மூச்சில் முடித்தாள். கூட்டம் பழக்கத்தில் மூச்சை அடக்கிக் காத்திருந்தது. அதற்குள் அவள் அடுத்த வரிக்குப் போய்விட, அதன்மேல் போய் விழுந்தது அவர்களுடைய ‘வோமே!’. வாத்தியங்கள் தடுமாறி நின்றன. எல்லோரும் சிரித்தார்கள்.

“அம்மா, பழையபடி பாடுங்கம்மா!” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். “நாங்க பாடிப் பழகின மாதிரி!” என்றார் இன்னொருவர்.

தங்கை மைக்கோடு என்னைப் பார்த்தாள். கூடாது என்று தலையசைத்தேன்.

அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“மறுபடி எடுங்க,” என்றாள் வாத்தியக்காரர்களிடம். “விண்மீன் வீதியில் விரைந்து செல்லு…” என்று நிறுத்தி, மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினாள்.

“வோமே!”

கூரை அதிர்ந்தது. எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை குரலும் அதில் இருந்தது. பார்த்தேன். “தொண்டையில ஏதோ அடைச்சது மச்சான்,” என்றார்.

அவள் மேடையில் சிரித்துக்கொண்டு நின்றாள். கல்லாவுக்குப் பின்னால் அப்படி அவள் நின்று நான் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நானும் எழுந்தேன். தாளம் போட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணுங்க?”

“அண்ணன்,” என்றேன். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை போலிருந்தது. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.