குவாரி நீர்மாலை

குடத்தை மடியில் வைத்துக்கொண்டு குவாரிக் குழியின் சரிவில் உட்கார்ந்தேவிட்டாள் சுபலட்சுமி. கூட வந்த கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏத்தா, தண்ணிய மோந்துக்கிட்டுக் கிளம்பு. அங்க அக்கா காத்துக் கெடக்கு," என்றார் தாய்மாமன் விருமாண்டி.

"வெயில் ஏறட்டும் மாமா."

"நீர்மாலை எடுக்க வெயில் எதுக்குத்தா?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செத்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பது ஊர்வழக்கம்தான். அதற்குக் கோயில் ஊருணி இருக்கிறது. அதை விட்டுவிட்டு, பேய் இருக்கிறதென்று ஆடு மாடுகூட இறங்காத குவாரித் தண்ணீரையா எடுப்பார்கள்? மேலூரை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் காலையிலேயே தலையில் அடித்துக்கொண்டார்கள். சுபலட்சுமி அசைந்துகொடுக்கவில்லை. அம்மா பெற்றது அவள் ஒருத்தியைத்தான். குடம் தூக்க வேறு ஆளும் இல்லை.

செத்துப்போன மலையம்மாள் லேசுப்பட்ட மனுஷி இல்லை. மேலூரில் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேப்பமரத்தில் பால் வடிகிறது என்று ஊரே மஞ்சள்துணி கட்டியபோது, "மரத்துக்குச் சீக்கு" என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தவர். குவாரிப் பேயைக் கண்டேன் என்றவனிடம், எங்கே நின்று பார்த்தாய், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டுக் கேட்டே அவனை அழவைத்தவர். அப்படிப்பட்டவர்தான் ஒரு கோடையில் மூச்சிரைக்க ஓடிவந்து, குவாரித் தண்ணீரில் ஜெல்லிமீனைப் பார்த்தேன் என்றார். கடலில் கிடக்கிற ஜெல்லிமீன். ஊர் விட்டுவைக்குமா? மதுரையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவரும் பகல் முழுக்கக் காத்திருந்து ஒன்றும் காணாமல், "பாலித்தீன் பையா இருக்கும்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மலையம்மாள் ‘ஜெல்லி டீச்சர்’. டீக்கடையில் அந்தப் பெயரை வைத்ததே கூடப்பிறந்த தம்பி விருமாண்டிதான்.

மலையம்மாள் கோபப்படவில்லை. "ஒரு வருசம் வரும், நாலு வருசம் வராது. அவரு பாக்கல, அதனால நம்பல. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்," என்றார். நேற்று உயிர் போவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வருசம் நல்ல வெயிலு. வந்திருக்கும். நான் சொல்றேன்னு நம்பாத. போய்ப் பாரு," என்றார்.

இன்று காலை பந்தலில் யாரோ, "பாவம், டீச்சருக்குக் கடைசிக் காலத்துல மூளை கொழம்பிருச்சு," என்றது சுபலட்சுமியின் காதில் விழுந்தது. அழுகை நின்று உடம்பு பற்றி எரிந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

"தண்ணிக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா என்ன செய்வ?" விருமாண்டி துண்டால் தலையை மூடிக்கொண்டு கேட்டார்.

"இல்லைன்னு நானே பந்தல்ல வந்து சொல்றேன். வெறுந்தண்ணியக் கொண்டு வாரேன். ஆனா பாக்காம வரமாட்டேன் மாமா."

வெயில் ஏறியது. பாறைச்சுவரின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, பச்சைத் தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்கியது. கொட்டுக்காரர் ஒருவர்தான் முதலில் எழுந்து நின்றார்.

"அண்ணே, அது என்னண்ணே?"

ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், அந்தப்பக்கம் தெரிகிற கண்ணாடி உடம்போடு, சுருங்கியும் விரிந்தும் ஒன்று மேலே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு தண்ணீர் முழுக்க அதுதான். சந்தோஷமும் ஆங்காரமும், ஐயோ அம்மா இல்லையே என்ற துக்கமும் சுபலட்சுமிக்கு ஒன்றாக வந்தன. குடத்தைச் சாய்த்துத் தண்ணீரோடு ஒன்றை மெதுவாக மொண்டாள்.

திரும்பும் வழியில் விருமாண்டி ஒரே ஒருமுறைதான் வாய் திறந்தார். "பாத்து நடத்தா. தளும்பிரப் போகுது."

பந்தலில் குடத்தை இறக்கியதும் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டீச்சரம்மா உசுருய்யா இது. திரும்பி வந்துட்டாக."

காலையில் பாவம் என்ற வாயெல்லாம் இப்போது தெய்வம் என்றது. யாரோ குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தார்கள்.

சுபலட்சுமி சும்மா இருந்திருக்கலாம். அம்மாவின் பெயர் இன்றோடு நிமிர்ந்துவிடும். இனி ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள். அவளோ குடத்தின் வாயை இரண்டு கையாலும் மூடினாள்.

"இது எங்கம்மா இல்ல. எங்கம்மா செத்துருச்சு. அந்தா படுத்திருக்கு. இது ஜெல்லிமீனு, நல்ல தண்ணியில கெடக்கிற வகை. இங்க எப்படி வந்துச்சுன்னு அம்மாவுக்கே தெரியாது. குங்குமத்தப் போட்டா செத்துரும்."

"அப்படிச் சொல்லாத தாயி, சாமி குத்தம்."

"நான் சொல்றத நம்ப வேணாம் அத்த. நாளைக்கு வெயில் ஏற குவாரிக்கு வாங்க. குழி நெறையக் கெடக்கு. வந்து பாருங்க."

செல்லத்தாய் முகம் சுண்டி விலகினாள். கூட்டத்துக்கு ஏமாற்றம்தான். சுபலட்சுமி கண்ணாடி டம்ளரில் அதைப் பதனமாக மொண்டு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, மிச்சத் தண்ணீரால் அம்மாவைக் குளிப்பாட்டப் போனாள்.

விருமாண்டி மட்டும் நகரவில்லை. டம்ளரைக் கண்ணருகே தூக்கினார். தள்ளிப் பிடித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. திட்டிலேயே மலையம்மாளின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அதை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் குனிந்தார்.