வாசலில் தமுக்கு

முன்சீப் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில், ஒரு சொல்லை மட்டும் நான் ஆங்கிலத்தில் இருந்தபடி எழுதியதில்லை. டாம் டாம். வெள்ளைக்காரன் காலத்து வாரண்டுகளில் 'டாம் டாம் போட்டு அறிவிக்க வேண்டியது' என்றுதான் இருக்கும். அதை அடித்துவிட்டு 'தமுக்கு' என்று எழுதுவேன்.

புதிதாக வந்த முன்சீப் ஒருவர், அது ஆப்பிரிக்கச் சொல் அல்லவா என்று கேட்டார். விளக்கினேன். தெலுங்கில் டமுகு. நமக்குத் தமுக்கு, தம்பட்டம். சிங்களத்தில் தம்மெட்டம, அங்கே அது புத்தர் கோயிலில் மரியாதைக்கு ஒலிக்கும் வாத்தியம். அரபியிலும் பாரசீகத்திலும் தம்பூர் என்றால் தந்தி வாத்தியம். பிரெஞ்சுக்காரன் அதே ஒலியைத் தோல் வாத்தியத்துக்கு வைத்துக்கொண்டான். நம் வாயிலிருந்து வாங்கிப்போன இங்கிலீஷ்காரனோ அதைக் காட்டுச் சத்தமாக்கிவிட்டான். முன்சீப் "உட்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருந்த அர்த்தத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோர்ட்டுத் தமுக்கு விழுந்த வாசலில் பெண் எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், நான் ஓய்வு பெற்ற பிறகு, அந்த உத்தரவு எங்கள் வீட்டுக்கே வந்தது. வாங்கியவள் என் தங்கை வள்ளித்தாய்.

எங்கள் ஆட்கள் அல்லாத ஒரு தறிக்காரனோடு அவள் திருவேங்கடம் என்கிற ஊருக்குப் போனபோது, அப்பா குளத்துக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். அதோடு அவள் எங்களுக்கு இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்தார். பிறகு அவள் புருஷனும் இறந்தான். அவன் தம்பிகள் அவளை வெளியே தள்ளினார்கள். மேற்கு அறை ஒன்று போதும் என்று எனக்குச் சொல்லியனுப்பினாள். நான் பதில் சொல்லியனுப்பாததால் வழக்குப் போட்டாள். விதவை மகளுக்கு அப்பா வீட்டில் தங்க உரிமை உண்டு என்று கோர்ட் சொன்னது. என்னை வெளியேற்ற முடியாது. ஆனால் வாசலில் தமுக்கடித்து அறிவித்துவிட்டு அவளை உள்ளே விட்டுவிடலாம். சட்டம் எனக்குத் தெரியும். எத்தனையோ வீடுகளுக்கு அதை எழுதிக்கொடுத்தவன் நான்.

குறித்த நாள் காலையில், கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றும் அமீனா மைதீன் பாட்சா வந்தார். கடையநல்லூர்க்காரர். கோர்ட்டில் என்னிடம் வேலை பழகியவர். எங்கள் வீட்டில் காப்பி குடிக்காமல் எங்கள் தெருவைக் கடந்ததில்லை. பின்னால் தமுக்கோடு காளிராஜ். தெரு முனையில் தகரப்பெட்டியோடு வள்ளித்தாய் நின்றாள்.

"என்ன வே, தமுக்கு பெருசா இருக்கு?" என்றேன்.

"உங்க வாசலுக்குச் சின்னதைக் கொண்டாந்தா மரியாதையா அண்ணாச்சி?" என்று சிரித்தவர், கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "கதவத் திறந்து 'வா தாயி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சமாதானமா உள்ள போயிட்டான்னு எழுதிட்டுப் போறேன். தமுக்குக்கு வேலையே இல்ல."

"நான் கூப்பிட்டா அப்பா தலைமுழுகினது பொய்யாப் போயிரும். கோர்ட்டு உள்ள விடட்டும். நீரு அடிக்கச் சொல்லும்."

"எத்தனை பாஷையில இதுக்கு அர்த்தம் சொல்லுவீங்க! இந்த வாசல்ல என்ன அர்த்தம்னு தெரியாமலா பேசுதீங்க?"

"தெரிஞ்சுதான் பேசுதேன்."

உள்ளேயிருந்து என் மனைவி கோமதியம்மாள், "கூப்பிடுங்களேன்" என்றாள். நான் திரும்பவில்லை.

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "ஏலே, அடிக்கப் போறானா இல்லையா? எனக்குக் கடை திறக்கணும்" என்று யாரோ கத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். காளிராஜ் குச்சியை ஓங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அடிக்கட்டுமா அய்யா?"

"அடி."

"நிறுத்துலே!" என்று வள்ளித்தாய் ஓடிவந்தாள். பெட்டி காலில் இடித்துக்கொண்டே வந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது. "அண்ணே, நீ கூப்பிட வேண்டாம். புறவாசல் கதவ மட்டும் தாழ் போடாம வையி. ஆள் கலைஞ்சதும் நான் பாட்டுக்கு வந்துருதேன்."

"அந்தத் தாழையும் நான்தான் நீக்கணும்" என்றேன்.

அவள் கதவையும் என்னையும் பார்த்தாள். என் இளைய மகள் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதையும் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை வரணும்லா" என்றாள். பிறகு அமீனாவிடம், "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. எழுதிக்கிடுங்க" என்றாள்.

"ஏ தாயி, கையில கிடைச்ச உத்தரவ விடுதியே! எங்க போய் இருப்ப?"

"எங்கனயாவது இருக்கேன். எங்க அப்பா வாசல்ல அது விழ வேண்டாம்."

தலைமுழுகப்பட்டவள்தான். ஆனாலும் எங்கள் வீட்டுப் பெண் வேறு மாதிரி பேசியிருக்க முடியாது. அதை அன்றே நினைத்தேன்.

மனுதாரர் சுவாதீனம் பெற மறுத்துவிட்டார் என்று பாட்சா எழுதி, தாளை என்னிடம் நீட்டினார். "எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்த தமிழ்தான். பிழை இருந்தா திருத்துங்க."

பிழை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வள்ளித்தாய் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிவகிரி பஸ்ஸுக்குப் போனாள். அங்கே அவளுக்கு யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

ஐப்பசி மழையில் பாட்சா குடையோடு வந்து தெருவிலேயே நின்றார்.

"வள்ளித்தாயி போயிட்டா அண்ணாச்சி. சிவகிரியில ஒரு மாட்டுக்கொட்டத்துல படுத்திருந்திருக்கா. காய்ச்சலாம். அங்கன உள்ளவங்களே தூக்கிப் போட்டுட்டாங்க. கோர்ட்டு வேலையாப் போன இடத்துல கேள்விப்பட்டேன்."

"மழையில நிக்காதேயும். உள்ள வந்து காப்பி குடியும்" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. நான் போறேன்."

கோமதி இரண்டு டம்ளர்களோடு வந்தபோது அவர் தெருமுனை தாண்டியிருந்தார். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதை அவள் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆறும் வரை அங்கேயே நின்றாள்.