பச்சை வண்டியின் கிளட்ச்

"இன்னும் ஒரு தடவை! அந்த மூலையிலேர்ந்து வாங்க!" என்று கேமராக்காரர் கையைச் சுழற்றினார்.

ஓட்டுநர் பச்சை வண்டியைப் பின்னால் எடுத்தார். பிஸ்கட் விளம்பரம். ஓடிவரும் குழந்தைக்குப் பக்கத்தில் வண்டி நடைவேகத்தில் ஊர்ந்து வர வேண்டுமாம். முகம் தெரியாது, தொப்பி மட்டும்தான் தெரியும் என்று சொல்லி யாருடைய தொப்பியையோ அவர் தலையில் கவிழ்த்திருந்தார்கள். நடைவேகம் என்று சொல்லிவிடுவது சுலபம். கிளட்சைப் பாதி விட்டு, பிடித்து, மறுபடி மிதித்து என்று இடது கால்தான் அதற்காகச் சாக வேண்டும். காலையிலிருந்து அது செத்துக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் இருந்தவை இரண்டே இரண்டு பழைய சின்னக் கார்கள். இரண்டையும் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுவார். வெள்ளை வண்டியில் எண்ணெய்க் கிளட்ச். மிதித்தால் குழாயில் இருக்கும் எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காலுக்கு வேலையே தெரியாது. பச்சையில் கேபிள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைக் கம்பி இழுக்க வேண்டும், கம்பியைக் கால் இழுக்க வேண்டும். வெள்ளையில் எண்ணெயை அடைக்கும் ரப்பர் சீல் கசிகிறது, புது சீல் கிடைப்பதில்லை என்று முதலாளி அதை விற்றுவிட்டார். அன்றிலிருந்து ஓட்டுநருக்குப் பச்சை மட்டும்தான்.

"பச்சையில கிளட்ச் கொஞ்சம் கனமா இருக்கு சார்" என்று முதலாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"அந்தக் காலத்து வண்டி அப்படித்தான்யா இருக்கும். அதுக்குத்தானே ஆள் வச்சிருக்கேன்."

ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். இவருக்கு முன்னால் இருந்தவர் முதுகு வலி என்று சொன்ன வாரமே வேலை போய் வீட்டுக்குப் போனவர்.

சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விட்டதும் மெக்கானிக்கைத் தேடிப் போனார். மெக்கானிக் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"மாப்ள, ஏதாச்சும் பண்ணுடா. முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"கேபிளை மாத்தியாச்சு, எண்ணெயும் விட்டாச்சு. இனிமே உங்க முட்டிக்குத்தான் மாமா எண்ணெய் விடணும்."

"கேபிளை இறுக்கி வச்சிடேன். பாதி மிதிச்சாலே கிளட்ச் விட்டுடும்ல?"

மெக்கானிக் கையைத் துடைப்பதை நிறுத்தினான். "பெடல் ஒரு விரல் அளவு சும்மா ஆடணும் மாமா. அதை எடுத்துட்டா உள்ள இருக்கற கிளட்ச் பிளேட் எப்பவும் வழுக்கிக்கிட்டே இருக்கும். சீக்கிரமே தேஞ்சுடும்."

"உன் அக்கா மக படிப்பு இந்த வருஷத்தோட முடியுது. அதுவரைக்கும் ஓட்டிட்டா போதும்டா. அக்காகிட்ட மூச்சு விடாதே."

அவனுக்கு மனசே இல்லை. ஆனாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

சில வாரங்கள் நன்றாகத்தான் ஓடின. பெடலைப் பாதி மிதித்தால் போதும். வீட்டுப் படியை அவர் கைப்பிடி பிடிக்காமல் ஏறியதைப் பார்த்து, "என்ன, திடீர்னு இளமை திரும்புது?" என்று மனைவி கேலி செய்தாள்.

மேட்டுச் சாலையில்தான் வினை வந்தது. பின்சீட்டில் முதலாளியும் ஒரு விளம்பரக் கம்பெனிக்காரரும் இருந்தார்கள். என்ஜின் கத்தியது, வண்டி ஏறவில்லை. கருகல் நாற்றம் உள்ளே வந்தது. பின்னால் நின்ற லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் கழற்றி வைத்த பிளேட்டை முதலாளி காலால் புரட்டிப் பார்த்தார். "எப்படி இவ்வளவு சீக்கிரம் தேஞ்சுது?"

மெக்கானிக் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் இருவருமே வெளியேதான். ஓட்டுநர் முந்திக்கொண்டார். "கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டிட்டேன் சார். பழக்கமாயிடுச்சு."

"இத்தனை வருஷம் ஓட்டினவனுக்கு இதுகூடத் தெரியாதா? போ, வீட்ல ரெஸ்ட் எடு." முதலாளி சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கைக்குட்டையால் செருப்பு முனையைத் துடைத்துக்கொண்டார்.

சீருடையைத் துவைத்து, தேய்த்துத் திருப்பிக் கொடுக்க ஓட்டுநர் வந்தபோது மாதம் பிறந்திருந்தது. பச்சை வண்டிக்கு அடியில் மெக்கானிக்கின் கால்கள் தெரிந்தன. பக்கத்தில் பிரித்த பெட்டி, புது கிளட்ச் சிலிண்டர் வந்த பாலித்தீன் உறை.

"என்னடா இது?"

"எண்ணெய்க் கிளட்ச் மாத்தறேன் மாமா."

"பச்சைக்கா? சீலே கிடைக்காதுன்னாரே!"

"புது பிளேட் போட்டப்புறம் ஞாயித்துக்கிழமை சாரே இதை வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போனாரு. கால் வலியில ராத்திரி தூங்கலையாம். எங்கிருந்தாவது வரவைன்னுட்டாரு."

ஓட்டுநருக்கு எரிந்தது. யார்மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை.

"மாமா..." வண்டிக்கு அடியிலிருந்து குரல் தயங்கியது. "குழாயில காத்து நிக்குது. வெளியேத்தணும். மேல உக்காந்து மிதிக்க ஆள் இல்ல."

சீருடையைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு அவர் உட்கார்ந்தார். மிதித்தார். பெடல் வெறுமனே தரைக்குப் போனது. அடியில் திருகைத் திறந்து மூடும் சத்தம். விட்டார். மறுபடி மிதித்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பெடலுக்கு உயிர் வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரி இருக்குடா."

"இன்னும் ஒரு தடவை மாமா."

அவர் மிதித்தார்.