கடலோரத்தில் உருட்டிய பந்து

காற்றைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று உமாதேவி நம்பிக்கொண்டிருந்தாள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. ஆடி பிறந்துவிட்டால் மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று ஒரே திசையில்தான் அடிக்கும். வாழைக்கு முட்டுக் கொடுப்பதுகூட அந்தத் திசையைப் பார்த்துத்தான்.

அந்தத் திமிரோடுதான் கிழக்குக் கடற்கரையின் கோல்ஃப் மைதானத்தில் இறங்கினாள். மரமே இல்லாத மணல்மேடுகள், இறுகிப்போன குட்டைப் புல், அதற்கப்பால் கடல். பதினெட்டுக் குழிகளையும் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு மாநிலப் பெண்கள் அணியில் இடம். மிச்சம் இருந்ததே அந்த ஓர் இடம்தான். தேயிலை எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது ஆட்டம் பழகிய உமாதேவி, அதை ஏற்கெனவே இரண்டு முறை கடைசி நாளில் கோட்டை விட்டவள். இந்த முறையும் விட்டால் இனி மட்டையைத் தொடுவதில்லை என்று கணவன் பாண்டீஸ்வரனிடம் சொல்லியிருந்தாள். அவனும் வாழைத்தோட்டத்தை ஆள் வசம் விட்டுவிட்டு அவளுடைய பையைச் சுமக்க வந்திருந்தான்.

காலையில் காற்று மேற்கேயிருந்து வந்தது. சாட்சாத் ஊர்க்காற்றேதான். அதை நம்பி ஆடி, சென்னைப் பெண் திரிஷாவைவிட மூன்று அடி குறைவாக ஆடி முன்னே போய்விட்டாள். உச்சிப்பொழுதில் காற்று சட்டென்று நின்றது. பிறகு கடலிலிருந்து வீசத் தொடங்கியது. பழையபடி திரும்பிவிடும் என்று உமாதேவி மேற்குக் காற்றுக்கே கணக்குப் போட்டு அடித்தாள். இரண்டு பந்துகள் முட்புதரில் விழுந்தன.

"என்ன மாமா இது, காத்து வாக்கு மாறுது?" என்றாள்.

"அதுக்கு? ஊருக்குப் போயி ஆடிக்காத்தக் கூட்டியாரவா? இங்கன வீசுற காத்துக்கு ஆடு தாயி."

கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் கூடுதலாக வந்தது.

கடைசிக் குழிக்கு வந்தபோது மொத்தக் கணக்கில் இருவரும் சமம். அந்தக் குழியிலும் ஆளுக்கு இரண்டு அடி ஆகியிருந்தது. எதிர்காற்று முகத்தில் அறைந்தது. திரிஷா பந்தை உயரத் தூக்கி அடித்தாள். அழகான அடிதான், ஆனால் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளி மணல் பள்ளத்தில் போட்டது.

உமாதேவி தட்டை மட்டையை எடுத்தாள். பந்து குழிக்கு அருகில் வந்த பிறகு உருட்டுவதற்கென்றே இருக்கும் மட்டை அது. குழியோ அறுபது கெஜம் தள்ளி இருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எஸ்டேட் வேலையை விட்டபின் அவளுக்கு மைதானம் ஏது? புகுந்த ஊரான தேவதானப்பட்டியின் வறண்ட கண்மாய்க்குள்தான் பழகினாள். ஆடிக்காற்றில் தூக்கி அடித்தால் பந்து அடுத்தவர் தோப்பில் போய் விழும். தோப்புக்காரரின் ஏச்சுக்குப் பயந்து, கண்மாய் நீளத்துக்கும் தரையோடு தரையாக உருட்டியே பழகிவிட்டாள்.

உருட்டினாள். பந்து மேட்டில் ஏறியது, தயங்கியது, சரிவில் இறங்கிக் குழிக்குள் விழுந்தது. திரிஷா இனி என்ன செய்தாலும் எட்ட முடியாது. அவள்தான் முதலில் கைதட்டினாள்.

பாண்டீஸ்வரன் போனை எடுத்து, ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் பேசினான். "சின்னச்சாமி அண்ணே, உமாதேவி ஜெயிச்சுட்டாக. தமிழ்நாட்டுக்கு ஆடப் போறாக."

அதைக் கேட்டதும் உமாதேவி அழுதாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லை, அவ்வளவு சந்தோஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அணிச் சட்டையை வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டேதான் தேனிக்கு பஸ் ஏறினாள்.