தாய்மாமன் பேருக்கு எந்த இடம்

மடவார் வளாகத்தில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், கரண்ட் போய் ஒரு முழுக் கல்யாணப் பத்திரிகையை விழுங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பெட்டியை விற்றுவிட்டுப் பழையபடி ஈய எழுத்துக்கே போய்விடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். அங்கே வேலை பார்த்த பரிபூரணத்துக்குத் தெரிந்தது கம்ப்யூட்டரில் அடிப்பது மட்டும்தான். பெட்டி போனால் அவள் வேலையும் போகும்.

அதனால் சின்னதாக ஒரு கட்டளை எழுதி வைத்தாள். சாயங்காலம் வேலையை முடித்து மூடினால் போதும், அன்றைக்கு அடித்ததெல்லாம் தானாகவே பிளாப்பி என்கிற தனித் தட்டில் நகலாகிவிடும். அண்ணாச்சி நன்றாகத் தலையாட்டினார். ஆனால் கடை அடைக்கும்போது சூடம் காட்டி, தட்டைக் கீழே வைத்த கையோடு மெயின் சுவிட்சையும் இறக்கிவிடுவது அவர் வழக்கம். நகல் பாதியிலேயே நின்றது. சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் கட்டளையில் ஒரு வரி கூட்டினாள். நகல் ஓடுகிற வரைக்கும், 'பூஜை நடக்குது, அணைக்காதீங்க' என்று இங்கிலீஷ் எழுத்தில் திரையில் வரும். அண்ணாச்சி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம்தான் செட்டியார்பட்டி சங்கரலிங்கம் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண்ணின் சித்தப்பாக்கள் பேர் மேலேயா, தாய்மாமன் தங்கச்சாமி பேர் மேலேயா என்று கடைக்குள்ளேயே சண்டை. பேர்கள் ஏறின, இறங்கின. ஒருவழியாகச் சித்தப்பாக்களுக்குக் கீழே தாய்மாமன் என்று முடிவானது. பரிபூரணம் அதை அடித்து வைத்துவிட்டு, மூடுவதை அண்ணாச்சியிடம் விட்டு, சர்ச்சில் அசன விருந்து என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

மறுநாள் பெட்டி உயிர் பெறவே இல்லை. உள்ளே டிஸ்கே போய்விட்டது என்றார் மெக்கானிக். வெள்ளிக்கிழமை வைத்தியநாத சாமி சன்னிதியில் முதல் பத்திரிகை வைத்தாக வேண்டும். பிளாப்பியை எடுத்துக்கொண்டு இருவரும் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினார்கள்.

"அண்ணாச்சி, நேத்து அந்த எழுத்து மறையற வரைக்கும் இருந்தீயளா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஜபாளையத்தில் தெரிந்தவர் கம்ப்யூட்டரில் பிளாப்பியைப் போட்டாள். கரகரவென்று சத்தம். பிறகு பேர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, நேற்றைய வரிசையிலேயே.

அண்ணாச்சி அப்போதுதான் வாயைத் திறந்தார். "சூடம் அணைஞ்சுபோச்சு. பெட்டியில பூஜை முடியல. பாதியில எப்படி அணைக்க? இன்னொண்ணு ஏத்துனேன். கிறுக்குப் பயன்னு நீ சிரிப்பன்னுதான் சொல்லல."

மாதிரித் தாளோடு திரும்பி வந்தால், பெட்டி கெட்ட சேதி கேள்விப்பட்டுத் தங்கச்சாமி கடை வாசலில் காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"எல்லாம் அழிஞ்சுபோச்சாமே, தாயி. போனது போகட்டும். முதல்ல இருந்து பேசிக்கிடுவோம்."

அவள் தாளை நீட்டினாள். அவர் மேலேயே தேடினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்து, சித்தப்பாக்களுக்கு அடியில் தம் பேரைக் கண்டுபிடித்தார்.

"ஒரு எழுத்துக்கூட மறக்கலையா?"

"மறக்காது, ஐயா."

தாடையைத் தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப தை மாசம் என் மக கல்யாணத்துக்கும் இங்கதான். எங்க மச்சான் சங்கரலிங்கம் பேரைக் கடைசியில போடு. அவிய வந்து எம்புட்டுக் கெஞ்சினாலும் இந்தப் பெட்டி மறக்கக் கூடாது."